எங்கள் வீட்டுக் கதை மைக்கில் போன நாள்

பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளிப் பக்கம் இருந்த அந்தப் பொறியியல் கல்லூரியில் முதல் செமஸ்டர் முடிவதற்குள்ளேயே எங்கள் வகுப்பில் சிலர் படிப்பை விட்டுப் போய்விட்டார்கள். அடுத்தது நான்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மூணாறு மலையில் சின்னக்கானல் தேயிலை எஸ்டேட் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு வந்தவள். இங்கே பாடம் பாதி ஆங்கிலம், மீதி மலையாளம். மலையாளம் நன்றாகப் பேசுவேன். ஆனால் விசையையும் உராய்வையும் அதில் கேட்கும்போது எங்கோ இழையைத் தவறவிட்டு நிற்பேன். மெல்ல வகுப்புக்குப் போவதை நிறுத்தி, ஹாஸ்டலில் படுத்துக் கிடந்தேன்.

ஒரு நாள் மெக்கானிக்ஸ் சார் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். மாணவர்கள் பாதியில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கல்லூரி அவரிடம்தான் கொடுத்திருந்தது. திட்டுவார் என்று நினைத்துப் போனேன்.

"உக்காரு. ஒண்ணும் பயப்படாண்டாம், தமிழிலேயே சொல்லு. எங்காத்துலயும் தமிழ்தான்" என்றார்.

பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர். அந்தக் கட்டடத்தில் ஓர் ஆசிரியர் தமிழ் பேசி அன்றுதான் கேட்டேன். அழுகை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு சாயங்காலங்களில் எங்களில் சிலரை உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். சுவரில் நிஜமாகவே ஓர் ஏணியைச் சாய்த்து வைத்து, "இது ஏன் வழுக்கலை? எது பிடிச்சிண்டு நிக்கறது?" என்பார். தப்பாகச் சொன்னாலும் சிரிக்காமல் "அப்பறம்?" என்று கேட்பார். எலப்புள்ளியிலிருந்தே வந்துபோன என் தோழி, "ஏனுங்க சார், இத மொதல்லயே இப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்களா?" என்று கேட்டுவிட்டாள். அவருக்கு அதில் ஒரே சந்தோஷம்.

பாடம் முடிந்ததும் வீட்டைப் பற்றி விசாரிப்பார். யாரிடமும் சொல்லாததை நான் அவரிடம் சொன்னேன். அப்பா எங்களை விட்டுவிட்டுக் கம்பத்தில் வேறொரு குடும்பத்தோடு இருந்தார். அம்மாவோ, அவர் கம்பம்மெட்டில் ஏலக்காய்க் கடையில் வேலை பார்ப்பதாக எஸ்டேட் லயத்து வீடுகளில் எல்லோரையும் நம்ப வைத்திருந்தாள். ஒரு தீபாவளிக்குத் தானே ஒரு சேலை வாங்கி, அவர் கொடுத்தனுப்பியதாக வீடு வீடாகக் காட்டினாள்.

"இது நமக்குள்ள இருக்கட்டும் சார்" என்றேன்.

"இதைப் போயி நான் யார்கிட்டே சொல்லப் போறேன்?" என்றார்.

தோற்ற பாடங்களை எல்லாம் திரும்ப எழுதித் தேறினேன். இரண்டாம் வருஷம் பெற்றோர் கூட்டம் வந்தது. அன்றைக்குக் கல்லூரியைப் பார்வையிட வெளியிலிருந்து ஒரு குழுவும் வருவதாக இருந்தது. அம்மா அவசியம் வர வேண்டும் என்றார் சார். கொழுந்து கிள்ளும் வேலைக்கு லீவு போட்டு, துணைக்குப் பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு, மூணாறு, உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி வந்தாள். இருவரையும் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

சார் மைக்கைப் பிடித்தார். படிப்பை விடவிருந்தவர்களை எப்படித் தக்க வைத்தோம் என்று மலையாளத்தில் விளக்கினார். திரையில் என் படம் வந்தது. அப்பா போனதையும், அம்மா அதை மறைப்பதையும், அந்தத் தீபாவளிச் சேலையையும்கூட விடாமல் சொன்னார். குரல் தழுதழுத்தது. பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அம்மாவை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அவள் அதைத் தோளிலிருந்து எடுத்து மடித்தாள்.

"என் மவ நல்லாப் படிக்காளான்னு மட்டும் சொல்லுங்க சார். அதக் கேக்கத்தான் வந்தேன்."

"ரொம்ப நன்னா படிக்கறா" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

வராந்தாவில் அவரை மறித்தேன். "சார், அது உங்ககிட்ட மட்டும் சொன்னது."

"இதுல வெட்கப்பட என்ன இருக்கு? உன்னைப் பார்த்து இன்னும் நாலு பேர் படிப்பா. வந்தவா எல்லாரும் அசந்து போயிட்டா, தெரியுமோ?"

தான் செய்தது என்னவென்று அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

பஸ் ஏறும்போது அம்மா கேட்டாள்: "நீயாத்தான் சொன்னியா?"

"ஆமாம்மா."

"சரி, பரீட்சைய ஒழுங்கா எழுது." என் முகத்தைப் பார்க்காமல் ஏறிப் போய் உட்கார்ந்தாள்.

சாயங்கால வகுப்பு தொடர்ந்தது. ஆனால் எங்கள் வீட்டைப் பற்றி அவர் கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். எலப்புள்ளித் தோழியும் "ஒண்ணுமில்லீங்க சார்" என்றாள். அவள் வீட்டில் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். சாருக்குத் தெரிந்திருந்தால் நேரே போய் அவள் அப்பாவிடம் பேசியிருப்பார், பேசி நிறுத்தக்கூடியவர்தான். அவள் சொல்லவில்லை. அந்த வருஷமே படிப்பை விட்டாள்.

நான் முடித்தேன். பட்டமளிப்புக்கு அம்மா வரவில்லை. இப்போது கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவர் கற்றுக்கொடுத்ததை வைத்துத்தான் இன்றைக்கும் கணக்குப் போடுகிறேன். மோசமான வாத்தியாராக இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன்.

போன மாதம் பாலக்காடு பஸ் ஸ்டாண்டில் எதிர்ப்பட்டார். முகமெல்லாம் சிரிப்பு. புதுப் பிள்ளைகளிடம் வந்து ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்றார்.

"லீவு கிடைக்காது சார்" என்றேன்.

"அப்படியா, பாவம்" என்று அதையும் நம்பினார்.