மூன்று ஆப்பும் ஒரு சூறைக்காற்றும்

போன ஞாயிற்றுக்கிழமை நண்பர் குமரேசன் கடற்கரை மணலில் குப்புறக் கிடந்தார். முழங்கை இரண்டிலும் தோல் இல்லை. வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை – "ஆப்ல பச்சதான்பா காட்டுச்சு."

குமரேசன் சின்ன காஞ்சிபுரத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர். பட்டுப்புடவைக் கடை முதலாளி, வயது நாற்பத்தேழு. ஆறு மாதமாக கைட் சர்ஃபிங் பித்து. பெரிய பட்டத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு, அது இழுக்க இழுக்கப் பலகையில் நின்று கடல்மேல் சறுக்க வேண்டும். காஞ்சிபுரத்தில் கடல் ஏது? அதனால் ஞாயிறுதோறும் மாமல்லபுரம் பக்கம் கார் கிளம்பிவிடும். துணைக்கு நான்.

காற்றைக் கணிக்க அவர் போனில் மூன்று ஆப். ஒன்று காற்றின் வேகம் பதினாலு நாட் என்னும், இன்னொன்று பதினெட்டு என்னும். மூன்றாவது எதற்கு? அந்த இரண்டுக்கும் பஞ்சாயத்து பண்ண. பச்சை காட்டினால் கடலில் இறங்கலாம்.

அன்று அவர் முழங்கால் தண்ணீரில் நிற்கிறார். பட்டம் வானத்தில். பயிற்சியாளர் ரேவதி, பக்கத்துக் குப்பத்துப் பெண், கிழக்கே பார்த்தார்.

"அண்ணே, பட்டத்த எறக்கிடுங்க. இவ்ளோ நேரம் அடிச்ச காத்து சட்டுனு கொறஞ்சிடுச்சு. மேகத்துக்குக் கீழ தண்ணி கறுத்துக்கினு வருது பாருங்க. ஸ்குவால்ணே, திடீர்னு அடிக்கிற சூறக்காத்து."

"காத்து கொறஞ்சா நல்லதுதானேம்மா?"

"இல்லண்ணே. அடுத்து வர்றது ரெண்டு மடங்கா வரும்."

குமரேசன் என்னைப் பார்த்தார். "ஆப் என்னாப்பா சொல்லுது?"

"மூணும் பச்ச," என்றேன், என்னிடம் கொடுத்திருந்த அவர் போனைப் பார்த்து, பொறுப்பாக.

"ஒரே ரவுண்டும்மா..."

கழுத்தில் ஏ.சி. அறைக் கதவைத் திறந்ததுபோல ஒரு குளிர். மறுநொடி சூறைக்காற்று. பட்டம் அவரை ஆள் உயரத்துக்குத் தூக்கி மணலில் அடித்து, வரிசையாக நின்ற படகுகளை நோக்கித் தரதரவென்று இழுத்தது. "செவப்புப் புடியத் தள்ளுங்க," என்று கத்திக்கொண்டே ரேவதி ஓடினார். அதைத் தள்ளினால் பட்டம் இழுப்பதை விட்டுவிடும். ஆனால் பயந்த மனிதர் கையிலிருப்பதை இன்னும் இறுக்கித்தானே பிடிப்பார்? கடைசியில் ரேவதியே அவர்மேல் விழுந்து அந்தப் பிடியைத் தள்ளினார். படகுக்கும் தலைக்கும் நடுவே பத்தடி.

நாம் காற்றைப் பற்றி விசாரிப்பதே இல்லை. நமக்குப் பிடித்த பதில் கிடைக்கிறவரை ஆள் மாற்றி ஆள் கேட்கிறோம். டாக்டரிடம், ஜோசியரிடம்... இப்போது ஆப்பிடம்.

வீட்டில் குமரேசனின் மனைவி சுகுணா மருந்து போட்டுக்கொண்டே கேட்டார். "பட்டம் இவர இழுத்துக்கினு போறப்ப நீங்க என்னாண்ணே பண்ணிக்கினு இருந்தீங்க?"

என் போனை நீட்டினேன். வீடியோவை முழுதாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"கை கொஞ்சங்கூட ஆடலண்ணே. நல்லா எடுத்திருக்கீங்க."