குருநகர் வீட்டில் ஒரு காகிதத் திரை

கொழும்பில் பன்னிரண்டு வருடம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் திரைகள் வரைந்துகொண்டிருந்தேன். எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், எந்த எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் என் வேலை. யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்த பிறகு, வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு சிறிய கல்வி நிலையத்தில் சனிக்கிழமை மத்தியானங்களில் படிப்பிக்கக் கேட்டார்கள். பாடத்தின் பெயர் மனித கணினி இடைவினை. கணினி படிக்காதவர்களுக்கு என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். ஏழு பேர் வந்தார்கள்.

அந்த மத்தியானங்களை இப்போது நினைத்தால் எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடந்தது போலத்தான் தெரிகிறது. உயரமான யன்னல்கள். வெளியே வேப்பமரம். அதற்கு அப்பால் தோட்டத்தில் நீர் இறைக்கும் இயந்திரம் விடாமல் ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டிருக்கும். சாப்பிட்டுவிட்டு வந்தவர்களின் கண்களில் நித்திரை மெல்ல ஏறும். நான் சுவரில் படங்களைக் காட்டிக்கொண்டு, பெட்டிகளையும் அம்புக்குறிகளையும் விளக்கிக்கொண்டு நிற்பேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்கும்.

முதல் நாளே உரும்பிராயிலிருந்து வந்த தாதி ஒருவர் கையை உயர்த்தினார். ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருந்தது அவருக்கு. எல்லாரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம்.

“மிஸ், உந்த இடைவினை எண்டா என்ன?”

நான் புத்தகத்தில் உள்ள விளக்கத்தைச் சொன்னேன். அக்கா அதைக் கொப்பியில் வடிவாக எழுதி, கீழே கோடும் போட்டார். பிறகு நிமிர்ந்து, “எழுதிப்போட்டன். ஆனா விளங்கேல்லை” என்றார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்றது.

மூன்றாவது வாரம் மின்சாரம் நின்றது. கட்டடத்தின் வயரிங்கில் ஏதோ எரிந்துவிட்டது, திருத்த ஒரு மாதமாவது எடுக்கும் என்றார்கள். மின்விசிறியும் கணினிகளும் ஓய்ந்து கிடந்தன. வகுப்பை ஒத்திவைக்கலாமா என்று கேட்டதற்கு ஒருவரும் சம்மதிக்கவில்லை. அதனால் ஒரு கட்டு வெள்ளைத்தாள், கத்தரிக்கோல், பசை எல்லாம் வாங்கிக்கொண்டு போனேன்.

காகிதத்தில் திரையை வரைந்து சோதிப்பது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த முறை. ஒருவர் தாளில் வரைந்த பொத்தானை விரலால் தொடுவார். இன்னொருவர் கணினியாக இருப்பார். எதைத் தொட்டாலும், அடுத்து வரவேண்டிய தாளை எடுத்து அவர் முன்னால் வைப்பார். கணினி பேசக்கூடாது, முகத்தில் ஒன்றையும் காட்டக்கூடாது. பார்த்துக்கொண்டிருக்கிற மற்றவர்கள் என்ன நடந்தாலும் உதவக்கூடாது.

கணினியாக இருக்க எல்லாருக்கும் வராது. சிரித்துவிடுவார்கள், அல்லது “அதில்லை, இதை அமத்துங்கோ” என்று சொல்லிவிடுவார்கள். குருநகரிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குத்தான் அது வந்தது. முன்பள்ளி ஆசிரியை, முப்பது வயதிருக்கும். தாள்களை மடியில் அடுக்கி வைத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள் என்றால் மூச்சு விடுவதே தெரியாது. விரல் தாளில் பட்டதும் அடுத்த தாள் வந்துவிடும். கொஞ்ச நேரத்தில் அங்கே ஒரு பெண் இருக்கிறாள் என்பதே எங்களுக்கு மறந்துபோகும்.

அன்று பஸ்ஸில் இருக்கை பதிவு செய்கிற திரையைச் சோதித்தோம். அக்கா தொட்டார். தவறான தாள் வந்தது. “ஐயோ, நான் பிழையா அமத்திப்போட்டன்” என்று கையை இழுத்துக்கொண்டார்.

“பிழை உங்களிலை இல்லை அக்கா. வரைஞ்ச எங்களிலைதான் பிழை” என்றேன். எத்தனையோ தடவை சொன்ன வசனம். சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டேன்.

வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு அந்தக் குருநகர்ப் பெண் யன்னலோரம் நின்றாள்.

“மிஸ், அப்பாவுக்கு உப்பிடி ஒண்டு செய்யலாமோ?”

அவளுடைய அப்பா கடலுக்குப் போனவர். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலக்கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மற்றவர்கள் சொல்வதெல்லாம் அவருக்கு விளங்கும். ஆனால் வாயிலிருந்து வருவது ஒரே ஒரு சொல்தான். ஓம்.

“எதைக் கேட்டாலும் ஓம் எண்டுதான் சொல்லுவார், மிஸ். தேத்தண்ணி வேணுமோ எண்டா ஓம். குடுத்தால் தட்டிவிடுவார். அம்மா அழுவா. அவருக்குக் கோவம் வரும். ஓம் ஓம் எண்டு கத்துவார்.”

பாட முடிவில் ஆளுக்கொரு செயற்திட்டம் செய்ய வேண்டியிருந்தது. அவள் அதையே எடுத்தாள். அக்கா தானும் சேர்வதாகச் சொன்னார். படம் வரைய, சுன்னாகம் சந்தையடியில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிற ஓவியர் ஒருவர் எங்கள் வகுப்பில் இருந்தார், அவரும் வந்தார். மூவருமாக ஒரு பெரிய மட்டையில் ஆறு படங்கள் செய்தார்கள். தண்ணீர், சோறு, தேத்தண்ணி, நித்திரை, நோகுது, கக்கூசு. நான் பார்த்து, படங்களின் அளவைக் கொஞ்சம் கூட்டச் சொன்னேன். வேறு ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை பத்து மணியளவில் குருநகர் போனோம். கடல்நீரேரிக்குக் கிட்டவாக ஒரு சின்ன வீடு. தண்ணீரில் பட்ட வெயில் யன்னல் வழியாக வந்து கூரையின் உட்புறத்தில் அசைந்துகொண்டிருந்தது. தேவமாதா படத்துக்குக் கீழே சாய்மனைக் கதிரையில் அவர் இருந்தார். சவரம் செய்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலை வாரி வைத்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் “ஓம்” என்றார்.

மகள் மட்டையை அவர் மடியில் வைத்தாள். அக்காவும் ஓவியரும் நானும் சுவரோரம் நின்றோம். அம்மா குசினி வாசலில் நின்று பார்த்தார்.

அவர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இடக்கையால் சோற்றுப் படத்தைத் தொட்டார். நான் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தேன். அவர் வேண்டாம் என்பது போல அந்தப் படத்தை விரலால் தள்ளினார். தண்ணீரைத் தள்ளினார். எல்லாவற்றையும் தள்ளி, மட்டையின் வெறுமையான ஓரத்தில் விரலை வைத்து இரண்டு மூன்று தடவை தட்டினார். பிறகு யன்னலைக் காட்டினார்.

“யன்னலைப் பூட்டவோ அப்பா?”

“ஓம்.”

பூட்டினாள். அவர் முகம் சிவந்தது. “ஓம்! ஓம்!” என்று கதிரைக் கையில் அடித்தார். திறந்தாள். திரும்பவும் யன்னலையே காட்டினார். வெளியே யார் நிற்கிறார்கள் என்று அவள் எட்டிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை.

அக்காவின் கை நீண்டது. நோயாளியைப் பார்த்தால் அவரால் சும்மா நிற்க முடியாது. நான் மெல்ல அவருடைய கையைப் பிடித்தேன். உதவக்கூடாது என்ற விதிக்காக மட்டும் பிடிக்கவில்லை. எனக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

மகள் அப்போது ஒன்று செய்தாள். கேட்பதை நிறுத்திவிட்டாள். வகுப்பில் கணினியாக உட்காருவது போல, அவருக்கு முன்னால் நிலத்தில் சம்மணம் கட்டி, கைகளை மடியில் வைத்து, பேசாமல் உட்கார்ந்தாள். மட்டையைத் திருப்பி, ஒன்றும் வரையாத பின்பக்கத்தை அவருக்குக் கொடுத்தாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கூரையில் வெளிச்சம் அலைந்துகொண்டே இருந்தது. எங்கோ ஒரு படகு இயந்திரம் தொடங்கித் தூரமாய்ப் போனது. நான் நின்றபடியே கனவு காண்கிறேனோ என்று ஒரு கணம் நினைத்தேன். நான் கொழும்பில் வரைந்த திரைகள் எல்லாம் அந்த வெள்ளை மட்டையில் ஒவ்வொன்றாக வந்து அழிந்துகொண்டிருப்பது போல இருந்தது.

அவர் கை அசைந்தது. உள்ளங்கையை மட்டையில் வைத்து, தன் பக்கமிருந்து அந்தப் பக்கமாக மெதுவாகத் தடவினார். உதட்டைக் குவித்து ஊதினார். திரும்பவும் தடவினார், திரும்பவும் ஊதினார்.

குசினி வாசலிலிருந்து அம்மா சொன்னார்: “காத்து.”

எல்லாரும் திரும்பினோம்.

“காத்தைச் சொல்லுறார். காத்து மாறிட்டுது, சோளகக் காத்து துவங்கிட்டுது எண்டு சொல்லுறார். முந்தி விடிய எழும்பினால் அவரின்ரை முதல் கதை அதுதானே. காத்து எந்தப் பக்கம் எண்டு சொல்லிப்போட்டுத்தான் முகம் கழுவுவார்.”

“ஓம்” என்றார் அவர். அதுவரை கேட்ட அதே சொல்தான். ஆனால் அதைச் சொல்லும்போது கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “ரெண்டு வருசமா இவருக்கு என்ன வேணும் எண்டுதான் கேட்டுக்கொண்டிருக்கிறம். சொல்லவும் ஏதும் இருக்குமெண்டு நாங்கள் யோசிக்கேல்லை” என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது ஓவியர் மடியில் தாளை வைத்து, சரிந்த பனை, பறக்கிற துணி என்று காற்றை வரைந்து வரைந்து, குறுக்கே கோடு போட்டு வெட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆறு படங்களையும் பார்த்துச் சரி சொன்னவள் நான்தான். அந்த நினைப்பு வீட்டுக்குப் போன பிறகும் என்னை விடவில்லை. வருத்தக்காரருக்கு வேண்டியது சோறும் தண்ணியும் என்று, அவரை ஒரு வார்த்தை கேட்காமலே தீர்மானித்திருந்தேன்.

அடுத்த வகுப்பில் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கினோம். பேச்சு இருந்த காலத்தில் அப்பா என்னென்ன சொல்லுவார் என்று மகள் வீட்டில் கேட்டு எழுதி வந்திருந்தாள். காற்று. அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி. கறிக்கு உப்புக் காணாது. அப்பாவின் தம்பிக்காரன் வந்து பிடித்த மீனின் நீளத்தைச் சொல்லும்போது, பொய். பின்னேரத்தில் முன்னூற்றுநாலு விளையாடும்போது ஏலம் போல ஏற்றிக் கேட்கிற கேள்விகள், அந்தச் சீட்டாட்டத்துக்கு வேண்டிய இலக்கங்கள். ‘இல்லை’ என்ற சொல்லைப் பட்டியலின் மேலே வைக்கச் சொன்னது அக்கா. “முப்பது வருசமா வார்ட்டிலை பாக்கிறன் மிஸ். இல்லை எண்டு சொல்ல வழியில்லாட்டித்தான் மனிசருக்கு விசர் வரும்.”

காற்றுத்தான் கடைசி வரை பிடிபடவில்லை. ஓவியரின் பனைகளைக் காட்டியபோது அப்பா அவற்றைப் பனை என்றே பார்த்தார். பிறகு மகள், குருநகர்க் கரையையும் எதிரே மண்டைதீவையும் மட்டும் கோடாக வரைந்து, நடுவில் ஒரு படகு வைத்தாள். அவர் அதைப் பார்த்ததும் விரலை மண்டைதீவுப் பக்கத்தில் வைத்து, காற்று வருகிற திசையில் படகை நோக்கி இழுத்தார். விளக்கம் ஒன்றும் தேவைப்படவில்லை.

பாட முடிவில் வெளியிலிருந்து ஒரு பரீட்சகர் வந்தார். மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதிலை கணினி எங்கை?” என்று கேட்டார்.

“இன்னும் வரேல்லை சேர்” என்றாள் அவள். “முதல்லை ஆளைப் பாத்தனாங்கள்.”

அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அப்பாவைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார். அவள் சித்தியடைந்தாள்.

பிறகு என்னுடைய பழைய நண்பர் ஒருவர் அதை டேப்லெட் கணினியில் செய்து கொடுத்தார். தொட்டால் குரலும் வரும். அப்பா இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அலுமாரியில் வைக்கும்படி கையைக் காட்டினார். கோபம் வந்தால் மட்டையில்தான் பலமாகத் தட்டலாம். மட்டை மூன்று தடவை கிழிந்து, ஓவியர் மூன்று தடவையும் புதிதாக எழுதிக் கொடுத்தார்.

போன வருடம் ஒரு பின்னேரம் அந்த வீட்டுக்குப் போனேன். மகள் இப்போது முன்பள்ளி வேலையோடு, பக்கவாதம் வந்தவர்களின் வீடுகளுக்கு அக்காவோடு போய் இப்படி மட்டைகள் செய்து கொடுக்கிறாள். ஓய்வு பெற்ற பிறகுதான் தனக்கு வேலை கூடியிருக்கிறது என்று அக்கா முறைப்பட்டார். அம்மாவுக்கு வேறு முறைப்பாடு. “மட்டை வர முந்தி உப்பைப் பற்றி ஒரு கதையும் இல்லை. இப்ப ஒவ்வொரு நாளும் தட்டிக் காட்டுறார் பிள்ளை. ரெண்டு வருசம் நிம்மதியா சமைச்சனான்.”

அந்தத் தம்பிக்காரன், மகளின் சித்தப்பா, தான் முதல் நாள் பிடித்த பாரை மீனின் நீளத்தைக் கையால் காட்டிக்கொண்டிருந்தார். அப்பா மட்டையைத் தேடவில்லை. வாயைக் கோணி, கஷ்டப்பட்டு, “பொ… பொய்” என்றார். சித்தப்பாதான் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அந்தச் சொல் ஒரு மாதத்துக்கு முன்பே வரத் தொடங்கிவிட்டதாகவும், சித்தப்பாவைக் கண்டால் மட்டுந்தான் வருவதாகவும் மகள் என் காதில் சொன்னாள்.

மகள் தேத்தண்ணி போடப் போனதால் சீட்டாட்டத்துக்கு ஓர் ஆள் குறைந்தது. என்னை இருத்தினார்கள், அப்பாவுக்குச் சோடியாக. எனக்கு முன்னூற்றுநாலு அரைகுறையாகத்தான் தெரியும். அவர் இடக்கையால் சீட்டுகளை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, இலக்கத்தைத் தட்டிக் கேள்வியை ஏற்றினார். மூன்றாவது சுற்றில் நான் துரும்புச் சீட்டை அவசரப்பட்டு இறக்கிவிட்டேன். அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு தன் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மகளைக் கையசைத்துக் கூப்பிட்டு, என் கதிரையைக் காட்டினார். நான் எழும்பி அவளுக்கு இடம் விட்டேன்.