சாயம் போகும் என்ற வரி

எழுத்தைப் படிக்க முடியவில்லை என்பதை எங்கள் ஊர்க்காரர்கள் எந்த வார்த்தையில் சொல்வார்கள்? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மகள் பிறந்த பிறகு நான் ஏற்றுக்கொண்ட முதல் வேலை, சென்னிமலையில் போர்வைக் கடை வைத்திருக்கும் என் சின்ன மாமனாருக்கு இணையதளம் செய்து தருவது. கல்யாணத்துக்கு முன் ஒரு கம்பெனியில் இதே வேலையைச் செய்தவள்தான். ஆனாலும் எழுத்துருவை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தமிழுக்குக் கொம்பும் சுழியும் மேலும் கீழும் போவதால் வரிகளுக்கு நடுவே இடம் கூடுதலாக விட வேண்டும். விட்டேன். ஒரே பக்கத்தில் பல எழுத்துருக்கள் கூடாது. வைக்கவில்லை. தலைப்புக்குத் தடித்த எழுத்து. மற்றதெல்லாம் மெல்லிய எழுத்து, சாம்பல் நிறத்தில்.

மாமா தம் கடை போர்டில் இருப்பதைப் போல மஞ்சள் நிழல் விழும் எழுத்துதான் கேட்டார். அது பஸ்ஸில் போகிறவர்களுக்குச் சரி, கையில் போன் வைத்திருப்பவர்களுக்கு வேண்டாமுங்க மாமா என்றேன். "நீ படிச்ச புள்ள அம்மணி, நீ சொன்னாச் சரி" என்றுவிட்டார். யாராவது இப்படிச் சொன்னால் எனக்குப் பயம் வந்துவிடும்.

அதனால் எல்லோரிடமும் காட்டினேன். கணவர் நல்லா இருக்குது என்றார். மேல் வீட்டு அக்கா நல்லா இருக்குது கண்ணு என்றார். மாமா போனிலேயே இரண்டு முறை சொன்னார். பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் தெரு முழுக்க அது நல்லா இருந்தது.

அக்கா அந்தத் தளத்திலேயே ஒரு சிவப்புப் போர்வை வாங்கினார். போர்வை வந்த அடுத்த வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். குழந்தையைக் கொஞ்சினார். பல் முளைத்துவிட்டதா என்று பார்த்தார். காபி குடித்தார். கிளம்பும்போது வாசலில் நின்று, "போர்வ அருமையா இருக்குது கண்ணு. அவரு சட்டைக எல்லாம் ரோஸ் ஆயிப்போச்சு, அது ஒண்ணுதான்" என்றார்.

படத்துக்குக் கீழேயே, முதல் சலவையில் சாயம் போகும், தனியாக அலசவும் என்று எழுதியிருந்தேன். அந்த வரியைப் படித்தீர்களா என்று கேட்டேன்.

"படிக்காம என்ன கண்ணு? எழுத்து முத்து முத்தா இருந்துச்சு. என்ன எழுதியிருந்துச்சுன்னுதான் தெரியல."

அவர் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே போனைப் பார்ப்பவர். நானும் மாடிக்குப் போய் வெயிலில் பார்த்தேன். தலைப்பு பளிச்சென்று தெரிந்தது. அதற்குக் கீழே யாரோ அழித்துவிட்டுப் போனதைப் போல வெறும் வெள்ளை. நான் அந்தப் பக்கத்தைச் செய்ததும் சரிபார்த்ததும் குழந்தை தூங்குவதற்காகத் திரை போட்டு இருட்டாக்கிய அறையில். அங்கே மெல்லிய சாம்பல் எழுத்து கண்ணுக்கு இதமாக இருந்தது. குழந்தையின் காய்ச்சல் மருந்துப் பாட்டிலில் இருக்கும் பொடி எழுத்தைப் போட்டோ எடுத்து, பெரிதாக்கி, திரும்பத் திரும்பப் படிக்கிறவள் நான். படிக்க முடியாத எழுத்தை வைப்பது வேறு யாரோ செய்யும் தவறு என்று நினைத்திருந்தேன்.

அக்காவின் கணவர் ரோஸ் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனாராம். அங்கேயும் எல்லோரும் நல்லா இருக்குதுங்க என்றார்களாம்.

மாமாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். வாங்கியவர்கள் யாரும் குறை சொல்லவில்லையே என்று ஆறுதலுக்குக் கேட்டேன்.

"கொற சொல்ல மாட்டாங்க அம்மணி. அடுத்த தடவ வேற கடைக்குப் போயிருவாங்க" என்றார். அடுத்து வரும் சரக்கும் சிவப்புதானாம்.

அன்றே அந்த வரியைக் கறுப்பாக்கி, தடிப்பாக்கி, பெரிதாக்கி, போர்வைப் படத்துக்கு மேலே ஏற்றினேன். மாமா நல்லா இருக்குது அம்மணி என்றார். போன முறை சொன்ன அதே குரலில். அக்காவை மாடிக்கு அழைத்துப்போய் வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். போனைப் பார்க்காமலேயே ஒப்பித்தார். அந்த வரி அவருக்கு இனி மறக்காது. கணவர் நான் அந்த வரியைத் தட்டச்சு செய்யும்போது பக்கத்தில் இருந்தவர், அவருக்கும் அது மனப்பாடம், அவரும் பயன்படவில்லை.

சிவப்புப் போர்வைகள் அடுத்த மாதம் விற்பனைக்கு வருகின்றன. எங்கள் பக்கத்து மனிதர் ஒருவரை, அவர் மனமும் நோகாமல், "படிக்க முடியலைங்க" என்று சொல்லவைக்க வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். கட்டுரை நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுத வேண்டாம்.