மண்டபத்தில் ஓடிய வாய்க்கால்

இந்த விஷயத்தில் இன்றுவரை யாரும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அப்பா கேட்கவில்லை. அம்மா கேட்கவில்லை. மாமா கேட்காதது மட்டுமல்ல, போகுமிடமெல்லாம் அதைத் தன் சாதனையாகச் சொல்லித் திரிகிறார். ஆகவே நடந்ததை நானே எழுதிவைக்கிறேன். வாசிப்பவர்கள் நியாயம் சொல்லட்டும்.

அது 2016. நான் சுவிஸில், துன் நகரத்தில் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு விடுமுறை முடிந்ததும் எங்கள் ரீச்சர் எல்லோரையும் வட்டமாக இருத்தி, யார் எங்கே போனீர்கள் என்று கேட்பார். ஒருத்தி தாய்லாந்தில் யானை பார்த்திருப்பாள். ஒருவன் நோர்வேயில் திமிங்கிலம் பார்த்திருப்பான். என் முறை வரும்போது நான் "பாசல்" என்பேன். அடுத்த விடுமுறைக்கு "ஆராவ்" என்பேன். இரண்டும் ரயிலில் போய்வருகிற சுவிஸ் ஊர்கள்தான். பாசலில் என் தாய்மாமா இருந்தார். ஆராவில் எப்போதும் யாருக்காவது கலியாணம் இருந்தது. ரீச்சர் நல்லவர். "பாசலில் மிருகக்காட்சிச்சாலைக்குப் போனாயா?" என்று கேட்டு என்னைக் காப்பாற்றப் பார்ப்பார். நாங்கள் பாசலில் பார்த்ததெல்லாம் மாமாவின் வரவேற்பறையைத்தான். அதிலும் மிருகங்கள் இருந்தன. எல்லாம் அவர் செய்த மேடை அலங்காரத்தில் மிஞ்சிய மயில்களும் அன்னங்களும்.

என் விடிவுகாலம் ஒரு கலண்டர் வடிவில் வந்தது. அப்பா வேலை செய்த ஹோட்டல் சமையலறையில் ஒரு போர்த்துக்கீசர் இருந்தார். மடெய்ராத் தீவுக்காரர். ஊருக்குப் போய்வந்தவர் அப்பாவுக்கு ஒரு படக் கலண்டரைக் கொடுத்திருந்தார். ஜூலை மாதப் படத்தில் பச்சை மலை ஒன்றின் இடுப்பைச் சுற்றி ஒடுங்கிய சீமெந்து வாய்க்கால் ஓடியது. மலைத் தண்ணீரைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோவதற்காக அந்தத் தீவு முழுக்க அப்படி வெட்டி வைத்திருக்கிறார்களாம். வாய்க்காலின் கரையில் ஒரு ஆள் மட்டும் நடக்கக்கூடிய பாதை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பாதாளம். பாதை போய் முடியுமிடத்தில் ஓர் அருவி, வானத்திலிருந்து விழுவதுபோல.

"அப்பா, இங்கை போவம்."

அப்பா சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தாமல் "ஓம், போவம்" என்றார். அப்பாக்கள் அப்படிச் சொன்னால் போகமாட்டார்கள் என்பது உலகறிந்தது. ஆனால் நான் அந்த 'ஓம்'ஐப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். கடைசியில் அவர் உண்மையாகவே டிக்கெட் எடுத்துவிட்டார். ஓகஸ்ட் முதல் சனிக்கிழமை. நான் அடுத்த நாளே வகுப்பில் அறிவித்தேன். மலையேறுவதை மதம்போலக் கடைப்பிடிக்கிற சுவிஸ் பிள்ளைகளே வாயைப் பிளந்தார்கள். விடுமுறைக்குப் பின் அந்த வட்டத்தில் அருவியின் முன்னால் நிற்கிற என் படத்தை எடுத்து நீட்டவேண்டும். எனக்கு அந்த வருடம் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பயணத்தின் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். பரிசுப்பொருள் சுற்றும் பெரிய தாளின் பின்பக்கத்தில் வரைபடம் கீறினேன். வாய்க்கால் நீலம், பாதை சிவப்பு, இருட்டுக் குகை கறுப்பு. குகைக்குள் நடக்க ரோச் வெளிச்சம் வேண்டும் என்று சொல்லி, நெற்றியில் கட்டுகிற ரோச் ஒன்றை அப்பாவிடம் வாங்கி, அதைக் கட்டிக்கொண்டுதான் இரண்டு கிழமை சாப்பிட்டேன். பெற்றோருக்குப் பயிற்சியும் கொடுத்தேன். எங்கள் தொடர்மாடிக்குக் கீழே சிறுவர்களின் மணல்தொட்டியைச் சுற்றி ஒடுங்கிய மரக்கட்டை போட்டிருந்தார்கள். அதுதான் வாய்க்கால்கரை. அப்பா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, பறக்கத் தெரியாத கொக்குப்போல அதில் நடந்தார். மூன்றாம் மாடியிலிருந்து சுவிஸ் அம்மையார் ஒருவர் எட்டிப் பார்த்து, எல்லாம் சரிதானே என்று கவலையோடு கேட்டார்.

அம்மா பயிற்சிக்கு வரவேயில்லை. ஒருநாள் கீழே உடுப்புத் தோய்த்துவிட்டு வந்தவரை மறித்து நிறுத்தினேன். அவர் கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, கட்டையில் ஏறி, தார் றோட்டில் நடப்பதுபோல விறுவிறுவென்று ஒரு சுற்று நடந்து இறங்கிவிட்டார்.

"அம்மா, கீழை பாருங்கோ! கீழை பார்த்து நடவுங்கோ!"

"கீழை பார்த்தால்தான் விழுவாய். முன்னுக்குப் போற ஆளின்ரை முதுகைப் பார்த்து நட."

எனக்குக் கோபம் வந்தது. பயிற்றுநர் நானா, அவரா?

அம்மாவுக்கு அந்தப் பயணமே பிடிக்கவில்லை என்று நினைத்தேன். "வாய்க்கால்கரையாலை நடக்கிறதுக்கோ பிளேன் ஏறிப் போறது?" என்று அப்பாவிடம் கேட்டார். பிறகு என் வரைபடத்தின் மேல் குனிந்து, சிவப்புக் கோட்டில் விரலை வைத்து அருவிவரை கொண்டுபோனார்.

"போற வழியாலையே திரும்பி வரலாமோ?"

"ஓம் அம்மா. போன வழியாலைதான் திரும்பி வரவேணும். வேறை வழி இல்லை."

"வடிவாத் தெரியுமோ?"

"வீடியோவிலை பார்த்தனான்."

"அப்ப சரி," என்றார். அந்தக் கிழமையே தனக்கும் ஒரு சோடி மலைநடைச் சப்பாத்து வாங்கிக்கொண்டு வந்தார். அவர் கேட்டது திரும்பி வருகிற பஸ்ஸைப் பற்றித்தான் என்று நான் விளங்கிக்கொண்டேன்.

பயணத்துக்குச் சில கிழமைகள் இருக்கும்போது நான் பெரியபிள்ளையானேன்.

இதில் என் பங்கு எதுவும் இல்லை என்பதை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன். நான் திட்டமிட்டது மடெய்ராவை. ஆனால் அம்மா போனைத் தூக்கிய வேகத்தைப் பார்த்தால், இந்தத் திட்டத்துக்குத்தான் அவர் வருடக்கணக்காகப் பயிற்சி எடுத்திருக்கிறார் என்று தெரிந்தது. அன்று பின்னேரமே மாமா பாசலிலிருந்து வந்து இறங்கினார். ஐயரிடம் சாமத்தியச் சடங்குக்கு நல்ல நாள் கேட்கப்பட்டது. ஐயர் சொன்ன நாட்களுக்கு மண்டபம் தேடப்பட்டது. கோடையில் மண்டபம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆனால் யாரோ புண்ணியவான் ஒரு நாளைக் கைவிட்டிருந்தார். ஓகஸ்ட் முதல் சனிக்கிழமை.

"அண்டைக்கு நாங்கள் மடெய்ராவிலை!" என்றேன்.

பிறகு மூவரும் சாப்பாட்டுக்கு யாரிடம் சொல்வது என்று கதைக்கத் தொடங்கினார்கள்.

நான் விடவில்லை. விமான நிறுவனத்தின் பக்கத்தில் போய்த் தடைசெய்யப்பட்டவற்றைத் தேடி வாசித்தேன். கத்தி கூடாது. வெடிமருந்து கூடாது. பெரியபிள்ளையானவர்கள் கூடாது என்று எங்கேயும் இல்லை. வாசித்துக் காட்டினேன். அப்பா, என் மணல்தொட்டித் தோழர், என் கொக்கு, அவரும் கட்சி மாறிவிட்டார்.

"சாமத்திய வீடு ஒருக்காத்தான் பிள்ளை வரும். தீவு எங்கை ஓடப்போகுது?"

"தீவு ஓடாது. லீவு ஓடும்!"

யாரும் சிரிக்கவில்லை. நல்ல வசனம் அது. வீணாய்ப் போனது.

அம்மாவிடம் அழுது பார்த்தேன். மற்ற விஷயங்களில் இளகுகிறவர், இதில் கல்லாக நின்றார். "உனக்கு இது நடக்கவேணும்" என்று மட்டும் சொன்னார். எனக்காம்! நான் கேட்டேனா?

பிறகு மாமா தன் போனில் படங்களைக் காட்டத் தொடங்கினார். அவர் வார நாட்களில் ஒரு கம்பனிக் கன்ரீனில் வேலை; சனி, ஞாயிறில் மணவறையும் மேடையும் செய்பவர். "போன கிழமை ஆராவிலை ஒரு பிள்ளையை மேடையிலை சிப்பிக்குள்ளாலை வெளியிலை எடுத்தனாங்கள். அதுக்கு முந்தினது தாமரை. உனக்கு என்ன வேணும், மருமகள்? சொல்லு. மாமா செய்து தாறன். மயிலோ? நிலவோ?"

"எனக்கு மயிலும் வேண்டாம், நிலவும் வேண்டாம்!" என்று கத்தினேன். "எனக்கு மடெய்ராதான் வேணும்!"

மாமா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு மெல்ல எழுந்து, சுவரில் ஒட்டியிருந்த என் வரைபடத்தின் முன்னால் போய் நின்று, அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

மனம் இரங்கி டிக்கெட்டைப் பற்றி அப்பாவிடம் பேசப்போகிறார் என்று நம்பினேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய பிழைகளில் அது ஒன்று. கோபத்தில் கத்துகிற பிள்ளையிடமிருந்து மேடை அலங்காரத்துக்கு ஓடர் எடுக்கக்கூடிய ஒரு மனிதர் உலகத்தில் இருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அந்தச் சனிக்கிழமை என்னைப் பட்டுச்சேலையில் சுற்றி, தலையில் ஒரு பூக்கடையை ஏற்றி, மண்டபத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கதவு திறந்தது.

மடெய்ரா வந்திருந்தது.

மேடை முழுக்க ரெஜிபோம் என்கிற இலேசான வெள்ளை நுரைப்பலகையில் செதுக்கிப் பச்சை அடித்த மலை. அதன் உச்சியிலிருந்து உண்மையான தண்ணீர் அருவியாக விழுந்துகொண்டிருந்தது. விழுந்த தண்ணீர் ஒரு கூரைப் பீலிக்குள் இறங்கி, வாய்க்காலாகி, மண்டபத்தின் நடுவால் வாசல்வரை ஓடிவந்தது. அதன் கரையில் ஒரு பலகைப் பாதை, ஒரு ஆள் அகலம். பாதி வழியில் கறுப்புத் துணியால் ஒரு குகை. எல்லாம் நான் கீறியபடியே, வளைவுக்கு வளைவு. குகைக்குள் மாமாவின் இரண்டு பெடியள் வெளிச்சம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் நெற்றியில் இருந்தது என் ரோச்.

சனம் கைதட்டியது. எனக்கு ஆத்திரத்தில் கண் இருண்டது. ஆனால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கமரா, நடக்கத்தான் வேண்டும். மாமா முன்னால் நடந்தார், நான் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். விழவில்லை. வீடியோக்காரர், புகை காணாது, இன்னொருக்கா வாங்கோ என்றார். ஆக, நான் அந்த மலையில் மூன்று தரம் ஏறினேன். மூன்றாம் தரம் பீலிப் பொருத்தொன்று கழன்று, மடெய்ராவின் தண்ணீர் முன்வரிசைப் பெரியவர்களின் காலடிக்குப் பாய்ந்தது. மண்டபக் காவலர் தரை கூட்டும் தும்புக்கட்டையோடு ஓடிவந்தார். அப்பா அவரிடம் எல்லாம் சரி, எல்லாம் சரி என்று ஜெர்மனில் சொல்லிக்கொண்டே தன் கோட்டைக் கழற்றித் தண்ணீரில் போட்டார்.

சடங்கெல்லாம் முடிந்து சனம் சாப்பிடப் போனபின், மாமா அருவிக்குப் பின்னால் குந்தியிருந்து மோட்டரைத் திருத்திக்கொண்டிருந்தார். நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனேன்.

"மாமா, நான் ஒரு நாளும் உங்களோடை கதைக்கமாட்டன்."

"ஏன் பிள்ளை? நல்லாத்தானே வந்தது?"

"எல்லாம் அம்மாவாலை. ஏன் அம்மாவுக்கு இவ்வளவு பிடிவாதம்?"

மாமா திருகாணியைச் சுற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"கொம்மாவுக்கு இதொண்டும் நடக்கேல்லை, மருமகள். தொண்ணூற்றாறிலை செல்லடிக்குள்ளை கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டம். றோட்டிலை சனம் நெருக்கம். நாங்கள் இறங்கி இரணைமடு வாய்க்கால்கரையாலை நடந்தம். நான் முன்னுக்கு, அவள் எனக்குப் பின்னாலை, தலையிலை மூட்டையோடை. அந்த நடையிலைதான் அவள் பெரியபிள்ளையானவள். வாய்க்காலிலை ஒரு சட்டி தண்ணி அள்ளித் தலையிலை வார்த்துப்போட்டு, ஈரத்தோடையே நடந்தனாங்கள். இரண்டு நாளிலை திரும்பி வரலாம் எண்டுதான் வீட்டைப் பூட்டினது. அந்த வழியாலை பிறகு நாங்கள் திரும்பி வரேல்லை."

நான் கேட்டேன். ஒவ்வொரு சொல்லும் கேட்டது. கேட்டு, நன்றாக யோசித்து, என் உள்ளத்தில் அப்போது பொங்கிய நியாயமான கேள்வியைக் கேட்டேன்.

"அப்ப அம்மா மட்டும் என்ரை வயசிலை உண்மையான வாய்க்கால்கரையிலை நடப்பா. எனக்கு ரெஜிபோமோ?"

மாமா திருகாணியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்க வாயைத் திறந்த மாதிரித்தான் இருந்தது. பிறகு மோட்டரில் ஏதோ குறையிருப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பள்ளிக்கூடம் தொடங்கியது. வட்டத்தில் என் முறை வந்தது. நான் எழுந்து, அருவியின் முன்னால் நிற்கிற என் படத்தை நீட்டினேன். படம் சுற்றி வந்தது. பட்டுச்சேலை, நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், பின்னால் விழுகிற தண்ணீர். திமிங்கிலம் பார்த்தவன் நெடுநேரம் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "மடெய்ராவில் எல்லோரும் இப்படி உடுத்துக்கொண்டா மலையேறுவார்கள்?" என்று கேட்டான்.

"நல்ல பாதையென்றால் ஓம்," என்றேன்.

ரீச்சர் படத்தை என்னிடம் திருப்பித் தந்துவிட்டு அடுத்த பிள்ளையைக் கேட்டார். அவர் நல்லவர் என்று முன்னமே சொன்னேன்.

அன்று வீட்டுக்கு வந்து அந்த அவமானம் முழுவதையும் அம்மாவின் தலையில் கொட்டினேன். அம்மா சமையலறையில் நின்றபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, வாசலில் பெட்டிக்குள்ளேயே இருந்த தன் புதுச் சப்பாத்தை எடுத்து, தூசு இல்லாத அதைத் தட்டி, மறுபடி பெட்டிக்குள் வைத்தார்.

"வாற வருசம் கட்டாயம் போவம்," என்றார். பிறகு, முதன்முறை கேட்பவர்போல, "போன வழியாலையே திரும்பி வரலாம் எண்டனியெல்லோ?"

எத்தனை தரம் சொல்வது இவருக்கு? ஓம் அம்மா, ஓம் என்று கத்திவிட்டு என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அம்மாவுக்கு இந்த வயதிலேயே ஞாபகமறதி வந்துவிட்டதே என்று எனக்குக் கவலையாக இருந்தது.