எனக்காகச் சொல்லப்பட்ட ஆமென்

குரல்வளையில் அறுவை நிகழ்ந்தபின் எனக்கு எஞ்சியது வெறுங்காற்றொலி. தொண்ணூறுகளின் இறுதி அது. அதற்குமுன் பல்லாண்டுகள், பூனாவின் கேம்ப் பகுதியில் எங்கள் தமிழ்ச் சபையின் ஞாயிறு வழிபாட்டில் திருமறைப் பகுதியை வாசித்து வந்தேன். காலையில் ஆங்கிலமும் மராத்தியும் ஒலித்து ஓய்ந்த ஆலயத்தில் மாலையில்தான் எங்களுக்கு இடம் கிடைக்கும். வாரமெல்லாம் இந்தி பேசித் தேய்ந்த நாக்குகள் அங்கு வந்து தமிழில் பாடும். ஒவ்வொரு சொல்லையும் அதற்குரிய ஒலி வழுவாமல் வாசிப்பதே நான் இறைவனுக்குப் படைக்கும் காணிக்கை என்று எண்ணியிருந்தேன்.

குரல் போனதும் ஆலயம் செல்வதை நிறுத்திவிட்டேன். தாபோடியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து, திருமறையைக் கண்களால் வாசித்து, மௌனமாக மன்றாடுவேன். இறைவன் எங்கும் உளன்; உள்ளம் உருகினால் போதும், இடம் ஒரு பொருட்டன்று என்று எனக்கு நானே விளக்கமும் உரைத்துக்கொண்டேன். விளக்கத்தில் குறையில்லை. ஆனால் மனைவி தனியாகப் பேருந்தேறிச் சென்ற மாலைகளில், இந்நேரம் அங்கே எப்பாடல் எழுந்திருக்கும் என்றே நெஞ்சம் தேடும். மாதத்தின் முதல் ஞாயிறுதோறும் திருவிருந்து. அன்று அவ்வேக்கம் இன்னும் மிகும். ஆயர் அப்பத்தைக் கையில் வைக்கும்போது ‘ஆமென்’ என்று வாய்திறந்து ஏற்பதன்றோ முறை? அவ்வொரு சொல்லையும் சொல்ல இயலாதவன் எதைக்கொண்டு ஏற்பது?

ஒரு முதல் ஞாயிறு, இதைத் தாளில் எழுதி மனைவியிடம் நீட்டினேன். சேலை மடிப்பைச் சரிசெய்தபடியே படித்தாள்.

“இம்புட்டு வருசமும் வாசிக்கதுக்குத்தான் கோயிலுக்கு வந்தீயளோ?”

மறுமொழிக்குத் தாளை நான் திரும்ப வாங்குமுன், என் சட்டையை எடுத்து நாற்காலிமேல் போட்டுவிட்டாள்.

சென்றேன், கடைசி இருக்கையில் அமர்ந்தேன். பாடல் எழுந்தபோது உதடுகள் அசைந்தன. ஒலி என்னைச் சுற்றிலும் இருந்தது, என்னுள் இல்லை. என் இடத்தில் வேறொருவர் நின்று வாசித்தார். நன்றாகவே வாசித்தார். கேட்கக் கேட்க என் கைகள் முன்னிருக்கையை இறுகப் பற்றின.

திருவிருந்துக்குப் பீடத்தின் கிராதியருகே முழந்தாளிட்டோம். என் வலப்புறம் இருந்தவர் ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் வேலை செய்பவர். பூனாவிலேயே பிறந்து நடுவயதை எட்டியவர். இரவுப் பணியின் களைப்பில் இருக்கையில் கண்ணயர்பவர் என்பதற்குமேல் அவரை நான் அறியேன். ஆயர் என் உள்ளங்கையில் அப்பத்தை வைத்துக் காத்து நின்றார். தொண்டை முயன்றது, காற்றுதான் வந்தது. அப்போது வலப்புறத்திலிருந்து, குனிந்த தலை நிமிராமலே, “ஆமென்” என்றார் அவர். ஆயர் நகர்ந்து அவருக்கும் அளித்தார். வலப்புறத்தவர் தமக்காக மீண்டும் ஒருமுறை சொன்னார்.

வழிபாடு முடிந்து வாயிலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அருகில் வந்தார்.

“அண்ணாச்சி, உங்களுக்கும் சேத்து நானே சொல்லிட்டேன். சலேல்னா?” என்று மராத்தியில் இசைவு கேட்டார். நான் தலையசைத்ததும் சிரித்தார். “நீங்க வாசிக்கறப்போ நான் எத்தனை நாள் தூங்கியிருக்கேன். அப்பல்லாம் எனக்கும் சேத்து நீங்கதானே முழிச்சிட்டு இருந்தீங்க.”

அன்றுமுதல் அக்கிராதியில் என்னருகே முழந்தாளிடுவோர் யாராயினும் என் பொருட்டும் சொல்கின்றனர். நான் எவரிடமும் வேண்டியதில்லை. வீட்டில் தனித்திருந்து மன்றாடிய நாள்களை இறைவன் ஏற்கவில்லை என்று கூறேன். ஆனால் அங்கே எனக்காகச் சொல்வார் எவருமில்லை; நானும் எவருக்காகவும் விழித்திருக்கவில்லை.

ஆயினும் வேட்கை தணிந்தபாடில்லை. அப்பம் உள்ளங்கையைத் தொடும் ஒவ்வொரு முறையும் தொண்டையை ஒருகணம் திறந்து பார்க்கிறேன். அருகிலிருப்பவரும் அந்த ஒரு கணம் எனக்காகக் காத்திருந்து, பிறகே சொல்கிறார்.