பதினாறு வெட்டு

பன்னிரண்டு வருடம் கம்பளி நூல் பின்னக் கற்றுக்கொடுத்தவளை விட்டு, மூன்று வாரத்துக்கு முன் வந்தவளிடம் பிள்ளைகள் ஏன் ஓடுகிறார்கள்? ஜொகூர் பாரு மாதா கோயில் பள்ளியின் கீழ்வகுப்பு ஆசிரியை அமலோற்பவம், 1934இல், பிள்ளைகளின் பின்னலைப் பிரித்தபடியே இதை யோசிப்பாள். சாப்பாட்டு நேரத்தில் பிரிப்பாள். கோணலைத் தானே நேராக்கி வைப்பாள். திரும்பி வரும் பிள்ளைக்குத் தன் வேலை எதுவென்று தெரியாது. கம்பளி, துரைசானிகள் கொடுத்த பழைய சட்டைகளைப் பிரித்து எடுத்தது. "இழுக்காத. இழுத்தா பின்னலோட இடுப்பு சுருங்கிப் போவும்" என்பாள். பிள்ளைகள் நூல் கட்டிப் பின்ன அவள் வெட்டித் தரும் அட்டைகள் எல்லாம் சதுரம்.

புதியவள் வினிஃப்ரெட், சிங்கப்பூரில் படித்தவள். தரையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பாள், கோணலைத் தொடமாட்டாள். அட்டையை வட்டமாக நறுக்கி, விளிம்பில் பதினாறு வெட்டுப் போட்டு, சக்கரத்தின் ஆரங்களாக நூல் கட்டினாள். பிள்ளைகள் ஓர் ஆரத்தின் மேலே, அடுத்ததன் கீழே என்று மஞ்சள் கம்பளியைச் சுற்ற, கதிர் கதிராகச் சூரியன் எழும்பியது. அமலோற்பவத்தின் முந்தானையை விடாத ஆறு வயதுச் செல்வராணியும் அங்கே போய்விட்டாள்.

"உங்கது பாய் மாதிரி இருக்கு லா, டீச்சர்."

"பாய்லதான் படுக்க முடியும். சூரியன்ல படுப்பியா?"

பிள்ளை சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டு பின்னலையும் பார்த்து, கீழ்வகுப்பை ஒருத்தியிடமே விடுவதாகத் தலைமையாசிரியை கத்தரின் சொல்லியிருந்தாள். மற்றவளுக்கு மூன்றாம் வகுப்புக் கணக்கு.

திங்கட்கிழமையே அமலோற்பவம் வெட்டுகளை எண்ணிவிட்டாள். ஒற்றைப்படையாக இருந்தால்தான் அடுத்த சுற்றில் மேல் கீழாக மாறி நூல் பூட்டிக்கொள்ளும். பதினாறில் மாறாது; எல்லாரும் மெச்சிய கதிர்களே அந்தப் பிழைதான். அட்டையை விட்டு எடுத்தால் நிற்காது.

"எப்படிக்கா வந்திருக்கு?" என்று வினிஃப்ரெட் கேட்டாள்.

"கலரு நல்லாருக்கு."

அது பொய்யில்லை. நான்கு நாளும் நன்றாகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை கத்தரின் செல்வராணியின் சூரியனை அட்டையிலிருந்து கழற்றினாள். அது சுற்றுச் சுற்றாகக் குலைந்து தரையில் விழுந்தது. பிள்ளை இரண்டு கையாலும் அள்ளி அள்ளி ஒட்டப் பார்த்தாள். "நான் சரியாத்தான் செஞ்சேன்" என்றாள், யாரையும் பார்க்காமல்.

"அட்டை வெட்டுனது யாரு?" என்றாள் கத்தரின்.

வினிஃப்ரெட் எழுந்தாள். அவள் வாய் திறப்பதற்குள், "நான்தான்" என்றாள் அமலோற்பவம்.

மறுவாரம் அமலோற்பவம்தான் கணக்கு எடுக்க மூன்றாம் வகுப்புக்குப் போனாள். "ஏங்க்கா அப்படிச் சொன்னீங்க?" என்று வினிஃப்ரெட் வாசலில் வந்து நின்று கேட்டாள், பல நாள் கேட்டாள். "மணி அடிச்சிருச்சு, போம்மா" என்றுவிட்டு, அமலோற்பவம் ஒவ்வொரு முறையும் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.