தீட்டு வீட்டிலிருந்து ஒரு பிரார்த்தனை

ஆட்டோ முழுக்க மருக்கொழுந்து வாசனை. மடியில், வாழையிலைக்குள் சுருண்டு கிடந்தது மாலை. திருக்கோகர்ணம் அம்பாளைப் பார்க்கப் போகிற வழியிலேயே அந்த வாசனை என்னைச் சமாதானப்படுத்திவிடும். வெள்ளிக்கிழமை தவறாத, பல வருஷப் பழக்கம்.

நேற்று சமாதானமாகவில்லை. விடிந்தால் திருச்சியில் என் மனைவி செல்விக்கு ஆபரேஷன். வயிற்றில் கட்டி. எடுத்துப் பார்த்தால்தான் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும் என்றிருந்தார் டாக்டர்.

கோயில் வாசலில் அர்ச்சனைத் தட்டு விற்கும் அக்கா, என்னைப் பார்த்ததும் வழக்கமாகத் தட்டை நீட்டுவார். நேற்று நீட்டவில்லை.

"என்ன சார், இங்கிட்டு வந்துட்டீங்க? ஒங்க பங்காளி வீட்ல கேதம்னு சொன்னாங்களே. தீட்டு கழியலையில்ல?"

செருப்பைக் கழற்றிய கால் அப்படியே நின்றுவிட்டது.

உண்மைதான். சென்னையில் ஒரு பங்காளி போன வாரம் இறந்துபோனார். அவர் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை. பெரியப்பா போனில் சட்டம் சொல்லிவிட்டார் — பதினாறு நாள் கோயில் கூடாது, விளக்கேற்றக் கூடாது, பூஜை அலமாரியைச் சாத்திவை. நானேதான் சாத்தினேன். ஆனாலும் வெள்ளிக்கிழமை வந்ததும் கை தன்பாட்டுக்கு மாலை வாங்கிவிட்டது. கால் தன்பாட்டுக்கு ஆட்டோ ஏறிவிட்டது. மனசு? அதை யார் கூப்பிட்டார்கள்?

"நாளைக்கு வீட்ல ஆபரேஷன்க்கா..."

"அய்யய்யோ... அப்ப இங்கனயே நின்னு ஒரு கும்புடு போட்டுப் போங்க. வாசலுக்கு வெளியதான, யாரு கேக்கப்போறா?"

நின்றேன். கண்ணை மூடினேன். என்ன வந்தது தெரியுமா? ஸ்லோகம்! பஸ்ஸைத் துரத்துகிறவன் வேகத்தில், ஒரு எழுத்து பிசகாமல். முடித்ததும் குங்குமத்துக்காகக் கை தானாக நீண்டது. கண்ணைத் திறந்தால் எதிரே யாரோ நிறுத்திவிட்டுப் போன ஒரு டூவீலர்.

இத்தனை வருஷமாக அம்பாள் வீட்டுக்குப் போய் வருகிறேன். ஒரு வார்த்தை நானாகப் பேசியிருக்கிறேனா? என் பெயரையும் நட்சத்திரத்தையும்கூடக் குருக்கள்தானே அவளிடம் சொன்னார்!

வீட்டில் செல்வி, ஆஸ்பத்திரிப் பைக்குள் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இதென்ன மாலையும் கையுமா? எவளையாச்சும் கட்டிக்கிட்டு வந்துட்டீங்களா?"

நடந்ததைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே மாலையிலிருந்து ஒரு கொத்து மருக்கொழுந்தைப் பிய்த்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

"ஏய், அது சாமிக்கு வாங்குனது!"

"அவ கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேன். காலையிலேருந்து அவகூடத்தான் சண்டை."

"தீட்டுல எப்பிடி...?"

"இட்லி ஊத்தயில பேசுனேன். அதுக்கெல்லாமா தீட்டு பாப்பாங்க?"

"என்ன சொன்னா?"

"ஒண்ணுஞ் சொல்லல. நீங்க மட்டும் நான் பேசுனா ஒடனே பதில் சொல்லிட்டுத்தான் மறுவேலையாக்கும்!"

பையின் ஜிப்பை இழுத்தாள். நகரவில்லை. மறுபடி இழுத்தாள். அப்போதுதான் பார்த்தேன் — ஏற்கெனவே மூடிய ஜிப்பைத்தான் இழுத்துக்கொண்டிருந்தாள்.

இன்று காலை பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் முயன்றேன். 'தாயே' என்று ஆரம்பித்தேன்... மேடைப்பேச்சு மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே பொட்டல், வேலிக்கருவை, மறுபடி பொட்டல்.

கீரனூர் தாண்டும்போது எங்கிருந்தோ கோபம் வந்தது. 'யாரோ செத்ததற்கு என்னை வாசலில் நிறுத்திவிட்டாய். இவளுக்கு ஒன்றென்றால் நான் எந்த வாசலில் போய் நிற்பேன்? சொல்லு!' உதடு அசைந்திருக்க வேண்டும். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். காதில் ப்ளூடூத் இருக்கிறதா என்று தேடியிருப்பார்.

யாரும் எனக்கு எழுதித் தராத முதல் வரி அது. பயம் குறைந்ததா? கூடிவிட்டது. கடவுளை நெருங்கினால் நிம்மதி என்று யார் கிளப்பிவிட்டார்கள்? ஸ்லோகத்தை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தபோது இப்படியெல்லாம் பயந்ததே இல்லை...

பத்திரிகைக்கு எழுதும் இந்த வாரப் பத்தியை ஆபரேஷன் தியேட்டர் வராண்டாவில் உட்கார்ந்து போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். உள்ளே போனவள் இன்னும் வரவில்லை. தட்டுவது, நிறுத்துவது, கதவைப் பார்ப்பது, அவளிடம் — மேலே இருப்பவளிடம் — ஒரு வார்த்தை திட்டுவது, கெஞ்சுவது, மறுபடி தட்டுவது.

கொஞ்சம் முன்னால், நர்ஸ் சொன்னபடி தோட்டையும் வளையலையும் கழற்றி என் கையில் கொட்டினாள் செல்வி. என்னையறியாமல் என் வாய் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தது.

"திரும்ப ஆரம்பிச்சுட்டீங்களா? பாடம் ஒப்பிக்காதீங்க. பயமா இருக்குன்னு சொல்லுங்க."

"ஒனக்குப் பயமா இல்லியா?"

"இல்லாமயா?"

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. கதவு மூடுகிற இடைவெளியில் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"அவகிட்ட பேசிக்கிட்டே இருங்க... வந்துர்றேன்."